பூவுக்கு ஸ்கீம் இல்லை, எருமைக்கு இருக்கு

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. கோமதி அத்தைக்குத் துணையா பேங்குக்குப் போயிட்டு வரணும்.

அத்தை கோயில் வாசல்ல பூ விக்கா. விடியக்காலம் மார்க்கெட்ல மொட்டு வாங்கக் கையில காசு இருக்காது. அங்கனயே ஒரு வட்டிக்காரர் நிப்பார். ஒன்பது ரூவாயைக் குடுத்துட்டு சாயந்தரம் பத்தா வாங்கிக்கிடுவார். எத்தனை வருசம் பூ வித்தாலும் மறுநாள் மொட்டுக்கு அவர் முகத்துலதான் முழிக்கணும்.

அந்தச் சமயத்துலதான் பேங்க்ல ஏழைகளுக்கு ஜாமீன் இல்லாம லோன் குடுக்காங்கன்னு ஊரெல்லாம் மைக் போட்டுச் சொன்னாங்க.

அத்தைக்கு ஆபீஸ்னா நாக்கு ஒட்டிக்கிடும். எனக்கு நாக்கு நிக்கவே நிக்காது. ஒருத்தர் குரலை ஒரு தடவை கேட்டாப் போதும், மறுநாள் அது என் தொண்டையில குடியிருக்கும். எங்கப்பாவே ஒருநாள் அவரோட மேலதிகாரி குரலை என் வாயில கேட்டுட்டு, சாப்பாட்டுல இருந்து எந்திரிச்சு நின்னிருக்கார். அப்புறம் எனக்குத்தான் உக்கார முடியல.

லோன் ஆபீசர் கும்பகோணம் பக்கத்துக்காரர். ஒவ்வொரு வாக்கியத்தையும் ரப்பர் ஸ்டாம்ப் குத்துத மாதிரி முடிப்பார்.

"என்ன தொழில் பண்றீங்கம்மா?"

"பூ விக்கேன் சார். மொட்டு வாங்கக் கொஞ்சம் பணம் கெடைச்சா..."

"பூவுக்கு ஸ்கீம் இல்லையே. எருமைக்கு இருக்கு."

அத்தை என்னைப் பார்த்தா. நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

"நான் எருமை விக்கல சார்."

"நீங்க விக்க வேண்டாம். நாங்களே வாங்கித் தர்றோம்."

கையில காசு குடுத்தா ஏழை செலவழிச்சிருவானாம். எருமையைச் செலவழிக்க முடியாதாம். ஆபீசர் இதை ரொம்பப் பொறுமையா விளக்கினார். அத்தைக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சிருச்சு. அதான் பெரிய தப்பு. "வாங்கிக்கிடுங்க அத்தை, பாலை வித்து மொட்டு வாங்கலாம்"னு நான்தான் பொருளாதாரம் பேசினேன். எனக்கு அதுல பாஸ் மார்க் கூட வந்ததில்ல.

அடுத்த வாரம் பனவடலிசத்திரத்துல இருந்து எருமைக்காரர் பெரியசாமி அண்ணாச்சி ஒரு எருமையைக் கன்னுக்குட்டியோட ஓட்டிட்டு வந்தார். லோன் காசை பேங்கே அவர் கையில குடுத்தாச்சு. எருமை காதுல பேங்க் நம்பர் போட்ட தகட்டை மாட்டியாச்சு. பேங்க் வாசல்ல வச்சு போட்டோ எடுத்தாங்க. எருமைக்கு மாலை போடணும்னாங்க. அந்த மாலைக்குப் பூவும் அத்தைதான் குடுத்தா. போட்டோக்காரர் 'ரெடி' சொல்லுததுக்குள்ள எருமை அதைத் தின்னு முடிச்சிருச்சு. அத்தையோட முதல் நஷ்டம் பேங்க் வாசல்லயே ஆரம்பம்.

வீட்டுக்கு வந்து கறக்க உக்காந்தா, எருமை ஒரு சொட்டு விடல. கன்னுக்குட்டியை விட்டுப் பார்த்தோம். தடவிக் குடுத்தோம். பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்கன்னு அதுக்கு முன்னால சாமிபாட்டு வேற பாடினோம். அது பாலை மேல இழுத்துக்கிட்டு, அத்தையை ஒரு எத்து, சொம்பை ஒரு எத்து.

பருத்திக்கொட்டை, புண்ணாக்கு மட்டும் மூணு நேரமும் வேணும். அதுக்கு அத்தை யார்கிட்ட வாங்கினான்னு நெனைக்கீங்க? அதே வட்டிக்காரர்கிட்டதான். முன்னால பூவுக்கு மட்டும் வட்டி கட்டினா. இப்ப எருமைக்கும் சேர்த்து.

பொறுக்க முடியாம நான் பஸ் ஏறி பனவடலிசத்திரம் போனேன். அண்ணாச்சி அங்க வேற ஒரு எருமையைக் கறந்துக்கிட்டிருந்தார். கறக்குதவரைக்கும் வாய் ஓயாம ஏச்சு.

"ஏட்டி மூதி, திங்கும்போது மட்டும் வாய் இந்தா நீளம் வருது. பால் கேட்டா ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்க. இதென்ன ஒங்கப்பன் வீட்டுத் தொழுவா?"

ஏன் அண்ணாச்சி இப்படி ஏசுதீகன்னு கேட்டேன்.

"ஏசாமக் கறந்தா நம்பாதுவே. யாரோ களவாணின்னு நெனைச்சுக்கிடும்."

அவ்வளவுதான் விசயம். அந்தக் குரலை அப்படியே தொண்டையில வச்சு எடுத்துட்டு வந்தேன். மறுநாள் காலையில எருமை பக்கத்துல நின்னு, "ஏட்டி மூதி"ன்னு ஆரம்பிச்சேன். எருமை காதை ஆட்டிச்சு. சர்ருன்னு பால் இறங்கிருச்சு.

தெருவே வந்து என்னைப் பார்த்துட்டுப் போச்சு. எனக்குத் தலை கால் புரியல. ஆனா புகழ் ஒரு வாரந்தான். அப்புறம்தான் தெரிஞ்சுது, கடன் வாங்கினது அத்தை, கட்டிப் போட்டது என்னையன்னு. விடிய முன்னால ஒரு ஏச்சு, சாயந்தரம் ஒரு ஏச்சு. கூட்டாளிக எல்லாம் ராஜபாளையத்துக்கு சினிமாவுக்குப் போவானுக. நான் எருமையோட அப்பனை விசாரிச்சிக்கிட்டிருப்பேன்.

அப்பதான் பேங்க்ல இருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போனான். லோன் ஆபீசர் நேர்ல வந்து பால் அளப்பாராம். பால் இல்லைன்னா கடன் மொத்தத்தையும் உடனே கட்டணுமாம். அத்தைகிட்ட மொத்தமா இருந்தது அந்த எருமையும் ஒரு தகரப்பெட்டியும்தான்.

சரியா அந்த வாரம் என் குரல் உடைஞ்சுது.

வயசுக் கோளாறுன்னு அம்மா சொன்னா. 'ஏட்டி'ன்னு ஆரம்பிச்சா அண்ணாச்சி. 'மூதி'ன்னு முடிக்கும்போது கோழிக்குஞ்சு. எருமை திரும்பி என்னைப் பார்த்த பார்வையை ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

ஆபீசர் வெள்ளைச் சட்டையோட வந்து நின்னார். அத்தை சொம்போட உக்காந்தா. நான் கத்தினேன். ஒரு சொட்டு வரல. "நகரு தம்பி, வாயில்லா ஜீவன்கிட்ட அன்பாப் பேசணும்"னு ஆபீசரே முன்னால வந்து, "கொஞ்சம் ஒத்துழைப்பு குடும்மா"ன்னு கேட்டார். எருமை வாலைச் சுழட்டி அவர் மூஞ்சியில ஒரு வீசு. வால்ல என்ன இருந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன். சட்டை சொல்லிச்சு.

ஆபீசருக்குக் கோபம் தலைக்கேறிருச்சு. அத்தையைப் பார்த்துக் கத்த ஆரம்பிச்சார். "வாங்கிக்கிறப்போ சிரிச்சுக்கிட்டு வாங்கிக்கிறீங்க. திருப்பிக் கேட்டா ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறீங்க. பேங்க் என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

சொம்புல சர்ருன்னு சத்தம் கேட்டுச்சு.

எல்லாரும் குனிஞ்சு பார்த்தோம். பால் கொட்டுது. ஆபீசர் வாயை மூடினார். பால் நின்னுருச்சு.

"நிறுத்தாதீங்க சார், அடக்கிரும்"னா அத்தை.

அவர் மறுபடியும் ஆரம்பிச்சார். தவணை கட்டாதவன், போலி சர்டிபிகேட் குடுத்தவன், ஆடு வாங்கிக் கறி போட்டவன்னு தாலுகா பூரா ஏசி முடிக்கவும் சொம்பு நிறைஞ்சுது. பேங்க் ஆபீசர் ஏச்சுக்கும் எருமைக்காரர் ஏச்சுக்கும் எருமைக்கே வித்தியாசம் தெரியல.

அத்தை முந்தானையில கையைத் துடைச்சா. சொந்த வாசல்ல அவளுக்கு நாக்கு ஒட்டாது. "தவணை ஒழுங்கா வரணும்னா சார் தினமும் ரெண்டு நேரம் வந்து ஏசிட்டுப் போகணும். மருமவனுக்குத் தொண்டை சரியில்ல."

ஆபீசர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். ரொம்ப நேரம் துடைச்சார்.

"நீங்க முதல்ல என்ன கேட்டீங்கம்மா?"

"மொட்டு வாங்கக் காசு."

அவர் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார். எருமையைப் பழைய ஆள்கிட்டயே குடுத்துட்டு, வர்ற காசை வச்சுப் பூ வாங்கச் சொன்னார். தகடு காதுலயே இருக்கட்டும், மேல இருந்து யாராவது பார்க்க வந்தா மட்டும் ஒருநாள் ஓட்டிட்டு வாங்க, நான் எதையும் பார்க்கலைன்னார். சட்டையைப் பார்த்தா அப்படித் தெரியல.

பெரியசாமி அண்ணாச்சி கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைத் தந்தார். அத்தை புண்ணாக்குக் கடனைத் தீர்த்தா. இப்ப விடியக்காலம் சொந்தக் காசுல மொட்டு வாங்குதா. வட்டிக்காரர் அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நிக்கார். தவணை ஒண்ணு கூடத் தவறல.

பேங்க்ல மட்டும் கோமதி அத்தை, பால் வித்து முன்னுக்கு வந்த பொம்பளை.