வேண்டாத படங்களுக்கு ஒரு வாளி

அன்று அந்த வீட்டில் இருந்தவர்களை முதலில் எண்ணிவிடுவோம். வீட்டுக்காரர் ஒருவர், கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர், ஊரார் வாயில் படக்காரர். அவருடைய மனைவியைச் சேர்த்து இரண்டு. சோபாவில் ஒரு மாப்பிள்ளையும் மணப்பெண்ணும். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. ஆனாலும் ஆல்பம் கைக்குப் போகாதவரை படக்காரருக்கு அவர்கள் மாப்பிள்ளை, மணப்பெண்தான். வீட்டிலிருந்த ஒரே நல்ல நாற்காலியில் மணப்பெண்ணின் அம்மா. அதைவிட நல்ல நாற்காலி இல்லாத காரணத்தால் நின்றுகொண்டே இருந்தவர் மாப்பிள்ளையின் அம்மா. ஜன்னலோரம், தொப்பி போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையின் பெரியப்பா. மணப்பெண்ணின் மடியில் ஆறு மாதக் குழந்தை. ஆக எட்டுப் பேர்.

குழந்தை பிறந்துவிட்டது. ஆல்பம் பிறக்கவில்லை. படக்காரரின் கவலை அதுதான்.

கவலைக்குக் காரணம் உண்டு. அந்தக் கல்யாணத்தில் அவர் எடுத்துத் தேற்றிய படங்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு. ஆல்பத்தில் இடம் எண்பதுக்குத்தான். அந்த எண்பதைக் குடும்பத்தார்தான் சொல்ல வேண்டும். ஆல்பத்தைக் கையில் கொடுத்தால்தான் மீதிப் பணம் கைக்கு வரும். முதல் தடவை கேட்டபோது அறுநூற்று நான்கு படங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். விட்டுப்போன எட்டும் மின்சாரம் போனபோது எடுத்தவை. இரண்டாம் தடவை கேட்டபோது சம்பந்திகளுக்குள் பேச்சு நின்றுபோயிற்று. இப்படி அரைகுறையாக நிற்கும் குடும்பங்கள் அவர் கையில் இன்னும் பதினொன்று இருந்தன.

போன வாரம் அவர் மனைவி தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பேச்சை எடுத்தார்.

"என்னங்க, நீங்க பண்றது தொழிலா, பொழுதுபோக்கா?"

"தொழில்தான். அதுல என்ன சந்தேகம்?"

"தொழில்னா ஏதாவது ஒண்ணு முடியணும். உங்களுக்கு எல்லாம் ஆரம்பிக்குது. எது முடியுது?"

"ஜனங்க தேர்ந்தெடுக்க மாட்டேங்கறாங்க. கழுத்தைப் பிடிச்சா வாங்க முடியும்?"

"உங்க பழைய ஆபீசுலேர்ந்து மேனேஜர் பேசினார். அந்த நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்காம்."

படக்காரர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். அந்த நாற்காலியில் ஆறு வருஷம் உட்கார்ந்து அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவர் அவர். 'தாடையைத் தூக்குங்க. காதைக் காட்டுங்க. அடுத்தது.' நாள் முழுக்க இந்த மூன்று வாக்கியம்தான். ஒருநாள் வீட்டில் தண்ணீர் கேட்ட மனைவியிடம் "அடுத்தது" என்று சொல்லிவிட்டார். மறுநாளே வேலையை விட்டார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரே ஒரு ஆல்பம் முடிவாகட்டும்," என்றார் மனைவி. "நான் வாயையே திறக்கலை. இல்லேன்னா திங்கட்கிழமை சாப்பாட்டு டப்பா கட்டித் தரேன். கிளம்புங்க."

அந்த நாற்காலிக்குத் திரும்புவதில்லை என்று அன்றைக்கே படக்காரர் சபதம் எடுத்தார். யோசித்தார். மூன்று நாள் யோசித்து, குளியலறையில் ஒரு வழி கண்டுபிடித்து, பாதிச் சோப்போடு வெளியே வந்தார்.

"இத்தனை நாளா எது வேணும்னு கேட்டேன். அதுதான் தப்பு. வேணும்னா எல்லாருக்கும் எல்லாமும்தான் வேணும். இனிமே எது வேண்டாம்னு கேட்கப் போறேன். எல்லாப் படத்தையும் சின்னதா அச்சடிச்சு மேஜையில பரப்பிடறேன். ஒவ்வொருத்தரா வரட்டும். பிடிக்காததை இந்த வாளியில போடட்டும். மிச்சம் தானா நிக்கும்!"

"அது குளிக்கிற வாளிங்க."

"ஞாயித்துக்கிழமை அது ஆபீஸ் வாளி."

"ஏங்க, நீங்க எடுத்த படத்துல எது பிடிக்கலைன்னு அவங்க வாயாலயே சொல்லச் சொல்லப் போறீங்களா?"

"இதுக்குப் பேர் நிர்வாகம். உனக்குப் புரியாது. அன்னிக்கு நீ டீ போடு, போதும். தொழில்ல மூக்கை நுழைக்காதே."

"சரிங்க."

படக்காரர் திடுக்கிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி வெறும் 'சரிங்க' என்று சொல்லி நிறுத்தியது அதற்கு முன் மூன்றே முறைதான். மூன்று முறையும் அவருக்கு நல்லதாக எதுவும் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எட்டுப் பேரும் கூடிவிட்டார்கள். சமையலறைத் திட்டில் சாப்பாட்டு டப்பா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, கூடத்திலிருந்து பார்த்தால் நேராகக் கண்ணில் படுகிற மாதிரி. படக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விதிகளைச் சொன்னார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் மேஜைக்கு வரலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. முடித்தவர்கள் இங்கே நின்று அடுத்தவருக்கு யோசனை சொல்லக் கூடாது. உள்ளே போய் டீ சாப்பிட வேண்டும்.

கடைசி விதியைச் சொன்னபோது உள்ளே டீ வடிகட்டிக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

முதலில் மணப்பெண்ணின் அம்மா.

"தம்பி, இதுல எனக்கு ரெண்டு தாடை தெரியுதே. எனக்கு இருக்கறது ஒண்ணுதானே?"

படக்காரர் படத்தைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்க்காமல் இருந்துகொண்டார்.

"லைட்டோட கோளாறும்மா."

"அப்ப வாளிக்கு."

லைட்டு அன்றைக்கு நிறையவே கோளாறு செய்திருந்தது. நூற்று முப்பத்தொரு படம் போயிற்று. அந்த அம்மா டீ குடிக்க உள்ளே போனார். படக்காரரின் மனைவி வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"குப்பை சேர்ந்துடுச்சுங்க. கொட்டிட்டு வரேன்."

"கொட்டு, கொட்டு," என்றார் படக்காரர் தாராளமாக. வாளி காலியாகத் திரும்பி வந்தது.

அடுத்து மாப்பிள்ளையின் அம்மா. அவர் மேஜைக்கு முன்னும் நின்றபடியே வேலை செய்தார்.

"இதுல நான் சிரிக்கறேன். வேண்டாம்."

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?"

"தம்பி, அன்னிக்கு என்னை யாரும் சாப்பிட வான்னு கூப்பிடலை. நான் கோவமா இருந்தேன். இப்படிச் சிரிச்ச படம் ஆல்பத்துல இருந்தா, நாளைக்கு நான் கோவப்பட்டதை யார் நம்புவாங்க?"

அன்றைக்கு அந்த அம்மா நூற்று ஐம்பத்தெட்டுத் தடவை சிரித்திருந்தார். அத்தனையும் வாளிக்குப் போயின. நானூற்று எண்பத்தொன்று இருந்த இடத்தில் முந்நூற்று இருபத்து மூன்று. வாளி மறுபடியும் உள்ளே போயிற்று. மறுபடியும் காலியாக வந்தது. சமையலறையிலிருந்து மணப்பெண்ணின் அம்மா வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒரு கோப்பை டீயில் அவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று படக்காரருக்கு விளங்கவில்லை.

மணப்பெண், குழந்தையை மாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

"இதுல இவர் எங்கே பார்க்கறார்?"

சோபாவிலிருந்து மாப்பிள்ளை, "காமிராவைத்தான்," என்றான்.

"காமிரா இந்தப் பக்கம் இருக்கு. நீங்க பார்க்கறது சாப்பாட்டுக் கூடத்தை. இதுலயும் சாப்பாட்டுக் கூடம். மோதிரம் மாத்தும்போதுமா?"

"பசிம்மா."

"வாளிக்கு."

பசி தொண்ணூற்றேழு படங்களைத் தின்றது. பிறகு மாப்பிள்ளை வந்தான். அவனுக்குக் கோட்டுதான் பிரச்சினை. "அண்ணே, வாடகைக் கோட்டுன்னு தோள்லயே தெரியுதுண்ணே. உள்ளே இன்னொருத்தர் நிக்கலாம்." நாற்பத்தொரு படம். அவனும் குழந்தையோடு உள்ளே போனான். வாளியும் போயிற்று.

படக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எண்ணினார். நூற்று எண்பத்தைந்து. மறுபடி எண்ணினார். அதேதான். எண்பது வேண்டும், நூற்று ஐந்து கூடுதலாகவே இருக்கிறது! மிச்சம் இருக்கும் ஆள் ஒருவர். அவரும் வயசானவர், சாதுவானவர், வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர். படக்காரருக்கு உயிர் வந்தது. ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். கவிழ்ந்து கிடந்த டப்பாவை நிமிர்ந்து பார்க்கும் தைரியம்கூட வந்துவிட்டது.

பெரியப்பா மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். தலை பளபளவென்று இருந்தது.

"தம்பி, உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன? கல்யாணத்தன்னிக்கு நான் டோப்பா வெச்சிருந்தேன்."

"அப்படிங்களா? தெரியவே இல்லைங்களே."

"மேடை ஏறும்போதே அது திரும்பிடுச்சு."

"எவ்வளவு... திரும்பிடுச்சு?"

"பின்பக்கம் முன்னாடி வந்துடுச்சு. ஒருத்தர்கூடச் சொல்லலை. நீங்க நாள் பூரா என்னைக் காமிராவுல பார்த்தீங்களே, நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நான்... அதுதான் புது ஸ்டைலாக்கும்னு..."

பெரியப்பா வாளியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். படங்களை எடுக்க ஆரம்பித்தார். அப்போதுதான் படக்காரருக்கு அந்தக் கல்யாண நாள் ஞாபகம் வந்தது. விருந்தாளிகள் வந்தார்கள், கைகுலுக்கினார்கள், போனார்கள். பெரியப்பா மட்டும் மேடைக்குத் தூண் மாதிரி, முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை மாப்பிள்ளைக்குப் பின்னால் அசையாமல் நின்றார்.

"ஐயா, எல்லாத்தையும் எடுக்க வேண்டாமே. இதுல நீங்க பாதிதான் தெரியறீங்க."

"தெரியற பாதி அந்தப் பாதிதான் தம்பி."

"இதுல ரொம்பத் தூரத்துல..."

"டோப்பா கிட்டத்துல தெரியுது."

"ஒரு எண்பது மட்டும் விட்டுடுங்களேன், ஐயா. ஒரு அறுபது?"

"காரணம் சொல்லத் தேவையில்லைன்னீங்க. நான் சொன்னதே அதிகம்."

வாளி நிரம்பி வழிந்தது. பெரியப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு, மரியாதையானவராகையால் வாளியைத் தாமே தூக்கிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

மேஜைமேல் மிச்சம் தானாக நின்றது. நான்கு படங்கள். காலி மேடை ஒன்று. காலி நாற்காலி வரிசை ஒன்று. வாசலில் சாய்த்து வைத்த ஈரக் குடைகள். வாடகைக் கார்.

படக்காரர் நான்கையும் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். 'தாடையைத் தூக்குங்க' என்று வாய் தானாக முணுமுணுத்தது. கடைசியில் நான்கு படங்களையும் எடுத்துக்கொண்டு, தோல்வியை ஒப்புக்கொள்ளச் சமையலறைக்குப் போனார்.

சாப்பாட்டு மேஜை நிறையப் படங்கள். நடுவில் மணப்பெண்ணின் அம்மா.

"தம்பி, இங்க பாருங்க, சம்பந்தி எப்படிச் சிரிக்கறாங்க! சாப்பிடக் கூப்பிடலைன்னு ஒண்ணரை வருஷமாக் குத்தல் பேச்சு. இதோ சாட்சி! இதுல ஒண்ணுகூட விடாம எனக்கு ஒரு ஆல்பம் போட்டுடுங்க."

படக்காரர் படுக்கையறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். கட்டில்மேல், ஒருவழியாக உட்கார்ந்த நிலையில், மாப்பிள்ளையின் அம்மா. முன்னால் ரெட்டைத் தாடைப் படங்கள் குவிந்திருந்தன. "ஒரே ஒரு ஆல்பம், தம்பி. நான் மட்டும் பார்க்கறதுக்கு," என்றார் கிசுகிசுவென்று. துணி காயப்போடும் பால்கனியில், கொடியின் இந்தப் பக்கம் மணப்பெண். "அண்ணா, இந்தக் கோட்டுல இவர் குட்டிப் பையனாட்டம் எவ்வளவு அழகு!" அந்தப் பக்கம், குழந்தையோடு மாப்பிள்ளை. "அண்ணே, இதைப் பார்த்தாலே அந்தச் சாப்பாடு ஞாபகம் வருதுண்ணே."

பெரியப்பா சமையலறை ஸ்டூலில் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு ஆல்பங்க," என்றார் மனைவி, தட்டிலிருந்த கோப்பைகளைக் கழுவப் போட்டபடி. "முன்பணம் அஞ்சு பேரும் கொடுத்துட்டாங்க. பெரியப்பா கொஞ்சம் அதிகமாவே. அவர் டோப்பாவைக் கம்ப்யூட்டர்ல திருப்பி வெச்சுத் தர்றோம்னு சொல்லியிருக்கேன். டோப்பாவுக்குத் தனி ரேட்டு."

"நான்தான் தொழில்ல தலையிடாதேன்னு..."

"எங்க தலையிட்டேன்? டீ போடச் சொன்னீங்க, போட்டேன். உள்ளே அனுப்பி வெச்சது நீங்க. உங்க யோசனை ரொம்ப நல்ல யோசனைங்க. ஒருத்தர் வேண்டாம்னு போட்டது யாருக்கு வேணும்னு கேட்கத்தான் ஆள் இல்லாம இருந்துச்சு. மத்த பதினொரு குடும்பத்துக்கும் பேசிட்டேன். இனிமே வாரம் ஒரு குடும்பம். அந்த வாளி இருக்கட்டும். குளிக்க வேற வாங்கிக்கலாம்."

படக்காரருக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. "அப்ப நாளைக்கு நான் அந்த ஆபீசுக்குப் போக வேண்டாம்?"

"எதுக்குங்க? நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு நம்ம முன் அறைக்கு வந்துடுங்க. நூத்தியெண்பத்தோரு டோப்பா திருப்பணும். தாமதமா வந்தா எனக்குப் பிடிக்காது, இப்பவே சொல்லிட்டேன். சாப்பாட்டு டப்பா கட்டி வெச்சுடறேன்."

படக்காரருக்குக் கொஞ்சமாவது மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கையிலிருந்த நான்கு படங்களையும் நீட்டினார்.

"இந்த நாலும் யாருமே குறை சொல்லாத படம். ஆளே கிடையாது. நீயே பாரு. ஒரு குறை சொல்லு பார்க்கலாம்!"

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். மேடையைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். குடைகளைப் பார்த்தார். காரை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இது யாருங்க, கார் கதவு பளபளப்புல தொப்பையோட குனிஞ்சு நிக்கறது?"

"...நான்தான். காமிராவோட."

"நல்லாவே இல்லைங்க," என்று அதை வாளியில் போட்டார்.

மிஞ்சியது மூன்று.