ஜெராம் வீடு இன்னும் விழவில்லை

ஜெராம்,
செவ்வாய்க்கிழமை, எல்லாரும் தூங்கிய பிறகு.

மிகுந்த மதிப்புக்கும் அதைவிடக் கொஞ்சம் அதிகமான பயத்துக்கும் உரிய பெரியப்பா தங்கராஜு அவர்களுக்குத் தம்பி மகள் புனிதவதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பெரியம்மா நல்லம்மாள் சுகமா? இங்கே அப்பா, அம்மா, தம்பி சரண், நான் நால்வரும் சுகமாக இருக்கிறோம். அளவுக்கு மீறிச் சுகமாக இருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் நான் எழுதிய கடிதத்தில் இருந்த பதினொரு பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருந்தீர்கள். நன்றி, பெரியப்பா. ஆனால் நீங்கள் கவனிக்காத பிழை ஒன்று அதில் உண்டு. அதில் நான் எழுதியிருந்த செய்தி எதுவுமே உண்மை இல்லை.

தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர் நீங்கள். தொலைபேசியில் சொல்வது காற்றோடு போய்விடும், தாளில் இருந்தால்தான் அது செய்தி என்பீர்கள். அதனால்தான் ஜெராமில் பூட்டிக் கிடந்த தாத்தாவின் பலகை வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று மாதம் ஒரு கடிதம் ஜொகூர் பாருவுக்கு எழுதும் வேலையை, எங்கள் நால்வரில் தமிழில் நீளமாக எழுதத் தெரிந்த எனக்குக் கொடுத்தீர்கள். ஜனவரியில் கூரை ஒழுகுகிறது என்று எழுதினேன். அது சத்தியமான உண்மை. மார்ச்சில் முன்வாசல் தூண் சாய்ந்துவிட்டது என்றும், மே மாதம் சமையலறைத் தரையில் சரணின் கால் உள்ளே போய்விட்டது என்றும், ஜூலையில் வடக்குச் சுவர் எந்த நேரமும் விழலாம், பார்க்கவே பாவமாக இருக்கிறது என்றும் எழுதினேன். வடக்குச் சுவர் நன்றாக நிற்கிறது, பெரியப்பா. அதில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் தாத்தாவின் நினைவு நாளன்று கோவில் வாசலில் நீங்களும் அப்பாவும் போட்ட சண்டை உங்களுக்கு மறந்திருக்காது. “வித்துடலாம்டா பாலா. அது வீடு இல்ல, வெறகு” என்றீர்கள். “அப்பா தோட்டத்துல மண்டோரா ஆளுங்கள மேச்சு மிச்சம் புடிச்சுக் கட்டுனதுண்ணே. நான் பழுது பாத்துக்கறேன்” என்றார் அப்பா. “நீ பழுது பாப்ப, கூரையிலேருந்து விழுவ, நான் ஜொகூர்லேருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வரணும். வீடு எம் பேர்ல இருக்கு. இதுல ஒரு ஆணி அடிக்க மாட்டேன்னு சூடத்த அணச்சுச் சத்தியம் பண்ணு” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். அப்பாவும் மாரியம்மன் முன்னால் எரிந்துகொண்டிருந்த சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தை அவர் இன்று வரை மீறவில்லை. இந்த வீட்டில் அவர் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. எல்லாமே ஸ்குரூ.

அப்பா வேண்டுமென்று தொடங்கவில்லை. அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை டிசம்பரில் மூடியதும் இரண்டு மாதம் தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரே நாற்காலியில் கிடந்தார். இடுப்பு வலி என்பார், சாப்பாடு வேண்டாம் என்பார், அம்மா என்ன கேட்டாலும் “ம்” என்பார். கோலா சிலாங்கூர் அடுக்குமாடியில் எங்கள் வீட்டில் மட்டும் பேச்சுச் சத்தமே இல்லை. பிப்ரவரியில் ஒரு பெரிய மழையன்று, ஒழுகும் இடத்தில் ஒரு தார்ப்பாய் மட்டும் போட்டுவிட்டு வருகிறேன் என்று ஜெராமுக்குப் போனார். தார்ப்பாயைக் கட்ட உத்தரத்தைப் பிடித்தால் உத்தரம் கையோடு வந்துவிட்டதாம். உத்தரத்தை மாற்றப் போனால் அதைத் தாங்கும் தூணில் கறையான், தூணை நிமிர்த்தினால் முன்னறைத் தரை எழும்பிவிட்டது, தரைப் பலகையைக் கழற்றினால் உள்ளே ஓர் உடும்பு குடும்பத்தோடு இருந்தது. அன்று இரவு வீட்டுக்கு வந்தவர் உடம்பெல்லாம் சேறோடு மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டார். அம்மா பரிமாறிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலையில் அவரும் ஒரு துடைப்பத்தோடு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

முதல் பலகையைப் பொருத்தும்போதே அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“ஏங்க, சூடத்த அணச்ச கையில சுத்தியலா புடிக்கிறீங்க?”

“சுத்தியல் எங்க இருக்கு? இது ஸ்குரூ டிரைவர் லா. ஆணின்னா அடிக்கணும். இத முறுக்கறேன். அண்ணன் முறுக்காதன்னு சொல்லவே இல்ல.”

“சாமிகிட்ட வக்கீல் மாதிரி பேசாதீங்க. புள்ளைங்க இருக்கிற வீடு.”

அம்மா நேராகக் கோவிலுக்குப் போய்ப் பூசாரியிடம் கேட்டார். பூசாரி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “ஆத்தாகிட்ட அவரு ஒத்துக்கிட்டது ஆணிக்கு மட்டும்தானே. மத்தத ஆத்தா எதுக்குக் கேக்கப் போறா? ஆமா, நம்ம மடப்பள்ளிக் கதவு ஒரு பக்கமா தொங்குது, உங்க வீட்டுக்காரரு வந்து கொஞ்சம் முறுக்கி விடுவாரா?” என்றார். அப்பா முறுக்கி விட்டார். அதற்குப் பதிலாகப் பூசாரி, கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்துக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் டின்களை எல்லாம் ஒரு லோரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

அதனால், பெரியப்பா, உங்கள் வீடு இப்போது என்ன நிறத்தில் இருக்கிறது என்பதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். முன்சுவர் ரோஜா நிறம். தூண்கள் கிளிப்பச்சை. ஜன்னல்கள் ஆகாய நீலம், ஓரத்தில் தங்கக் கோடு. சுங்கை செம்பிலாங் பக்கம் போகிறவர்கள் எங்கள் வாசலில் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை ஒரு லோரிக்காரர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, “பூச எத்தன மணிக்குங்க?” என்று கேட்டார். அப்பா கைலியோடு நின்றுகொண்டு, “இது வீடுண்ணே” என்றார். அவர் நம்பவில்லை. கேட்டுக்கு முன்னால் ஒரு தேங்காயை உடைத்து வைத்துவிட்டுத்தான் போனார். அம்மா அதில் சட்னி அரைத்தார்.

அப்பா கூரையிலிருந்து விழவில்லை என்றும் என்னால் எழுத முடியாது. விழுந்தார், ஒரே ஒரு முறை, வாழைமரத்தின் மேல். மரம்தான் சாய்ந்தது. எழுந்து நின்று இடுப்பை இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்துவிட்டு, “வலி போயிருச்சு புள்ள!” என்று சத்தம் போட்டார். அன்றிலிருந்து இடுப்புக்கு மருந்து தடவுவதே இல்லை. தாத்தா படத்தை மாட்டுவதற்கு மட்டும் ஓர் ஆணி தேவைப்பட்டது. அதை நான் அடித்தேன். நான் சூடம் அணைக்கவில்லை என்றாலும் மூன்று தடவை என் விரலிலேயே அடித்துக்கொண்டேன். அதை என் தண்டனையாக ஏற்றுக்கொள்ளும்படி ஆத்தாவிடம் சொல்லிவிட்டேன்.

இவ்வளவு பயத்திலும் நான் சந்தோஷமாக இருக்கிறேன், பெரியப்பா. அதை உங்களிடம் எப்படி மறைப்பது? இருபது வருடச் சேற்றைத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து ஒரு நாள் மதியம் கூடத்தில் சிவப்புச் சிமெண்டுத் தரை தெரிந்தபோது, அம்மா அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இப்போது அப்பாவும் அம்மாவும் காலை முதல் சண்டை போடுகிறார்கள். “அந்தப் பலக கோணையா இருக்கு”, “உன் கண்ணுதான் கோணை”, “அப்ப எதுக்கு இந்தக் கண்ண பாத்துக் கட்டிக்கிட்டீங்க?” என்று ஒரே சத்தம். கேட்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. கைப்பேசியை விட்டுத் தலை நிமிராத சரண் இப்போது ரசமட்டமும் கையுமாகத் திரிகிறான். மேசை மட்டமா, தோசைக்கல் மட்டமா என்று பார்த்துவிட்டு, நேற்று தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்து, “இடது பக்கம் ஏத்தம்” என்றான். இந்த வீட்டில் பதினொரு ஜன்னல்கள் இருக்கின்றன. எல்லாக் கீல்களையும் கழற்றி, துரு எடுத்து, எண்ணெய் போட்டு, திரும்ப முறுக்கியது நான். சாயங்காலம் பதினொன்றையும் திறந்து வைத்தால் கடல் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். விசிறியே வேண்டாம்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதத்திலிருந்து நாங்கள் இங்கேதான் குடியிருக்கிறோம். அடுக்குமாடி வீட்டைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

உங்களிடம் மறைக்க வேண்டும் என்று அப்பா நினைக்கவில்லை. ஒவ்வொரு மாதமும், “இந்த மாசம் மட்டும் பழைய மாதிரியே எழுதிரு புள்ள. வேல முடியட்டும், அண்ணன்கிட்ட நானே பேசறேன்” என்பார். வேலை முடியவே இல்லை. நானும் ஒவ்வொரு மாதமும் எதையாவது இடித்துக்கொண்டே வந்தேன். இப்போதோ சனிக்கிழமை செகிஞ்சானில் இருந்து குருவிக்கூட்டு முதலாளி ஆ லெக் தவுக்கேயை அழைத்துக்கொண்டு வருவதாகவும், விலை பேசி முடித்துவிடப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதம் நான்கு நாட்களாக என் பள்ளிப் பையில் இருக்கிறது. யாருக்கும் காட்டவில்லை. காட்டவும் முடியவில்லை. இன்று மாலைகூட அப்பா உங்களுக்கு என்று ஓர் அறையை ஒதுக்கி, முழங்கால் வலிக்குச் சௌகரியமாகப் படிக்கட்டில் ஒரு கைப்பிடி வைத்துக்கொண்டிருந்தார்.

சீனர்கள் சூப் வைக்கும் குருவிக்கூட்டுக்காக வாங்கும் வீடுகளைத் தவுக்கே என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். என் வகுப்புத் தோழியின் பக்கத்து வீடு அப்படித்தான் ஆனது. ஜன்னல்களை எல்லாம் செங்கல் வைத்து அடைத்து, உள்ளே இருட்டாக்கி, குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் இரவும் பகலும் போடுவார்கள். குருவிகளுக்கு இருட்டுதான் பிடிக்குமாம். எனக்கு இருட்டு என்றால் பயம், பெரியப்பா. தயவுசெய்து தனியாக வாருங்கள். வந்து ஒரு மாலை நேரம் கூடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதற்குப் பிறகும் விற்க வேண்டும் என்றால் வீடு உங்களுடையது, நாங்கள் சாமான்களைக் கட்டிக்கொள்கிறோம். அப்பாவைத் திட்டுவதாக இருந்தால் சாப்பிட்ட பிறகு திட்டுங்கள். நீங்கள் வருகிறீர்கள் என்றால் அம்மா நண்டு வாங்குவார், அது வீணாகக் கூடாது. என்னைத் திட்டுவதாக இருந்தால் கடிதத்தில் திட்டுங்கள். நேரில் என்றால் அழுதுவிடுவேன்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்கள் கால்களைத் தொட்டு, முழங்காலில் படாமல், வணங்குகிறேன். உங்கள் ஆசியும் மன்னிப்பும் ஒரே உறையில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
பொய் சொன்னதற்கு வருந்தும்,
ஜன்னல்களுக்கு வருந்தாத,
பா. புனிதவதி

பி.கு.: புதன்கிழமை, சாயங்காலம். பள்ளி முடிந்ததும் இந்தக் கடிதத்தை விரைவு அஞ்சலில் சேர்க்கலாம் என்றிருந்தேன். ஆனால் தபால் நிலையம் போகும் முன் உறை எடுக்க வீட்டுக்கு வந்தால், நீங்களே கேட்டுக்கு வெளியே நிற்கிறீர்கள். தவுக்கே இல்லை. ஒரு கையில் ரம்பம், இன்னொரு கையில் வெள்ளைப் பெயிண்ட் டின், தோளில் ஒரு தோல்பை, காலில் புது ரப்பர் பூட்ஸ். முதலில் நானும் நீங்கள் பூசைக்கு நேரம் கேட்க வந்த யாரோ என்றுதான் நினைத்தேன்.

“இந்தப் புள்ள மாசா மாசம் எழுதறதப் படிச்சு எனக்குத் தூக்கமே போச்சுடா பாலா” என்று அப்பாவிடம் சொன்னீர்கள். “தூண் சாஞ்சிருச்சு, செவரு பாவமா நிக்குதுன்னு எழுதுறா. அப்பாவ நானே தெருவுல விட்ட மாதிரி இருந்துச்சு. தவுக்கேகிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். யாருக்கும் தெரியாம நானே வந்து கொஞ்சம் கொஞ்சமா நிமித்தலாம்னு காலையிலேயே பஸ் ஏறினேன்.” பிறகு டின்னைக் கீழே வைக்காமலே வீட்டைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்தீர்கள். பதினொரு ஜன்னல்களையும் திறந்து மூடினீர்கள். நாங்கள் நால்வரும் பின்னாலேயே வந்தோம். கடைசியில்தான் உங்களுக்குக் கோபம் வந்தது.

“எனக்குன்னு ஒரு செவருகூட மிச்சம் வெக்கலையாடா? அவரு எனக்கும் அப்பாதான்டா!”

அம்மா கூடையை எடுத்துக்கொண்டு நண்டு வாங்க ஓடினார். நீங்கள் நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, முன்னறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டீர்கள். அதனால் நான் மேலே எழுதிய எதற்கும் இப்போது தேவை இல்லை. ஆனாலும் எழுதியதைக் கிழிக்கக் கூடாது என்பீர்களே, இதை உங்கள் தோல்பையின் அடியில் வைத்துவிடுகிறேன். ஜொகூருக்குப் போன பிறகுதான் உங்கள் கண்ணில் படும். அதற்குள் சமையலறையின் பின்சுவரை நீங்கள் உங்கள் கையால் நிமிர்த்திப் பெயிண்ட் அடித்து முடித்திருப்பீர்கள். விறகு அடுக்கு மறைத்திருந்ததால் நீங்கள் தட்டிப் பார்க்காமல் விட்ட ஒரே சுவர் அது. ஆனால் அதுவும் மூன்று மாதத்துக்கு முன்பே முடிந்தது, பெரியப்பா. நீங்கள் படுத்ததும் அப்பா கரண்டியை எடுத்துக்கொண்டு போய் அதன் பெயிண்டை எல்லாம் சுரண்ட ஆரம்பித்தார், இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறார். அதிலிருந்து இரண்டு பலகைகளைக் கழற்றிச் சரணிடம் கொடுத்துக் கோணலாக வைக்கச் சொன்னார். நீங்கள் எழுந்ததும், “அந்தச் செவரு மட்டும் என்னால முடியலண்ணே” என்று சொல்லப் போகிறார். சுரண்டும் சத்தம் உங்களுக்குக் கேட்கக் கூடாது என்று அம்மா வானொலியை உச்சத்தில் வைத்திருக்கிறார். அதில் நீங்கள் விழித்துக்கொள்வீர்களோ என்றுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.