டேப் அண்ணனும் பதினொரு அங்குலமும்

சனிக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடம். மகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன். சிமெண்ட் காய்ந்து நான்கு நாள்கூட ஆகாத எங்கள் சாய்தளத்தின் மேல், நெடுக ஒரு சிவப்பு ராஃபியா கயிறு ஓடியது. அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் பக்கத்து வீட்டு டேப் அண்ணன்.

"குட் மார்னிங் தங்கச்சி. உங்க சிமெண்ட்டு என் நெலத்துல பதினோரு இன்ச் வந்துருச்சும்மா."

எங்கள் ஊர் ஆயர் ஈத்தாமில் டேப் அண்ணன் அளந்து பார்க்காதவை இரண்டுதான். ஒன்று கொடிமலை, அதற்கு டேப் போதாது. இன்னொன்று அவருடைய பேச்சு.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். திரைச்சீலைக் கடையில் முப்பது வருடம் வீடு வீடாகப் போய் சன்னல் அளந்தவர். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார், டேப் பெறவில்லை. இடுப்பு வாரில் அது எப்போதும் தொங்கும். ஒருநாள் ரொட்டி சானாய் கடையில் தட்டு வந்ததும் டேப்பை இழுத்தார்.

"தம்பி, நேத்து ஒம்பது இன்ச். இன்னிக்கு எட்டரை."

கடைக்காரர் கல்லை விட்டு நிமிரவே இல்லை. "அண்ணே, அது ரொட்டி லா. கர்ட்டன் இல்ல."

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலையில் எங்கள் வீட்டு வரிசைக்காரர்கள் ரதத்துக்கு முன் தேங்காய் உடைக்கும் இடத்தில், முதல் நாளே போய் ஆளுக்கு இரண்டடிச் சுண்ணாம்புக் கட்டம் போட்டு வைப்பார். கட்டத்தைத் தாண்டிக் கால் வைத்தால் சாமி வரும் நேரத்திலும் அதட்டுவார். எல்லாரும் சிரிப்போம். ஆனால் எங்கள் கூட்டத்தில் யார் நெற்றியிலும் சிரட்டை தெறித்ததில்லை.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சனிக்கிழமை சிரிப்பு வரவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் ஐந்து படிகள். மகளை நாற்காலியில் உட்காரவைத்த விபத்துக்குப் பிறகு எட்டு மாதம் என் கணவர்தான் அவளைத் தினமும் தூக்கிக்கொண்டு இறங்கினார், ஏறினார். பதினைந்து வயதுப் பெண். அவருக்கு முதுகு போனது. அவளுக்கு மானம் போனது. "நான் ஸ்கூலுக்கே போகலம்மா" என்று ஒருநாள் சொன்னாள். அதற்காகத்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவில், வேலி என்றுமே இல்லாத அந்தச் சந்தில் சாய்தளம் போட்டோம். அதன் அகலமே இரண்டரை அடி. பதினொரு அங்குலம் போனால் நாற்காலி போகாது.

"ஒரு இன்ச்கூட வரல அண்ணே!" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"கோவப்படாதீங்கம்மா. நான் சொல்லல, டேப்பு சொல்லுது."

"டேப்பத் தூக்கி லோங்காங்குல போடுங்க!"

அவர் சந்து முனையில் ஓடும் அந்தச் சாக்கடையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அலுவலகத்தில் கோப்புகளை மாற்றி மாற்றி அடுக்கினேன். அவரோ எதுவும் நடக்காதது போல் தினமும் "குட் மார்னிங் தங்கச்சி" சொன்னார். மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் வாங்கி வந்து வாசற்படியில் வைத்தார். நான் தொடவில்லை. கணவரும் மகளும் தின்றார்கள். "கறிபாப் என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்றாள் அவள்.

கடைசியில் நிலஅளவையாளரை வரவழைத்தோம். முக்காலியும் கருவியுமாக ஓர் இளம்பெண் வந்தாள். டேப் அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சம்பந்தி வீட்டாரை வரவேற்பவர் போல வாசலில் நின்றார். எதிலிருந்து அளந்தீர்கள் என்று அவள் கேட்டதும் வரிசையின் முனையைப் பெருமையோடு காட்டினார். அங்கே சீனர்கள் காவல் தெய்வமாகக் கும்பிடும் டத்தோவின் சிவப்பு மாடம் இருக்கிறது. எல்லைக் கல் அதன் காலடியில் இருப்பதாகத்தான் எங்கள் வரிசையில் எல்லாருக்கும் நம்பிக்கை. யார் வேலி போட்டாலும் டத்தோவிலிருந்துதான் அளப்பார்கள்.

அந்தப் பெண் மாடத்தருகே தோண்டிப் பார்த்தாள். கல் இல்லை. சத்தம் கேட்டு, மாடத்தைப் பராமரிக்கும் கடைசி வீட்டுச் சீன ஆன்ட்டி ஊதுவத்தியோடு வந்தார். சாக்கடையை அகலப்படுத்தியபோதே, ஆரஞ்சுப் பழம் படைத்து, அனுமதி கேட்டு, டத்தோவைத் தள்ளி வைத்துவிட்டதாக மலாயில் சொன்னார்.

டேப் அண்ணனின் முகம் வெளுத்தது. "டத்தோ நகந்துட்டாரா? யாரக் கேட்டு?"

"டத்தோவத்தான் கேட்டாங்களாம் அண்ணே," என்றார் என் கணவர்.

பழைய இடத்தில் தோண்டியதும் கல் கிடைத்தது. அந்தப் பெண் கருவிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். நான் வேண்டாத சாமி இல்லை, டத்தோ உட்பட. அவள் நிமிர்ந்து சொன்னாள்: பதினொன்று இல்லை, நான்கு அங்குலம். ஆனால் அந்த நான்கும் டேப் அண்ணனுடையதுதான்.

நான் அப்படியே சாய்தளத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலை டேப் அண்ணன் வீடு வீடாக ஏறி இறங்கினார். "பதினொண்ணுன்னு சொன்னேன், நாலுதான். மன்னிச்சுக்கங்க" என்று, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னார். எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. நான்கு அங்குலத்தை வெட்டினால் நாற்காலி நூலிழையில்தான் போகும். சுவரில் உரசி மகள் கையில் சிராய்ப்பு நிச்சயம். ஆனாலும் அடுத்தவர் நிலம். ஞாயிற்றுக்கிழமை காலை வெட்டித் தரும்படி கொத்தனாரிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

கொத்தனார் வரவில்லை. வந்தது டேப் அண்ணன். கையெல்லாம் மண்.

"அந்தாள நான்தான் திருப்பி அனுப்பிட்டேன். எதுக்கும்மா வெட்டுறீங்க?"

"உங்க நெலமாச்சே அண்ணே."

"என் நெலந்தான். அளவு சரியா இருக்கணும்னு சொன்னேன். எடுங்கன்னு எப்பவாச்சும் சொன்னேனா?"

மூன்று வாரத்தையும் மனத்துக்குள் புரட்டிப் பார்த்தேன். சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கண் கலங்கியதை மறைக்க, காப்பி போடட்டுமா என்று கேட்டேன். அவர் காதில் வாங்காமல் சாய்தளத்தில் மண்டியிட்டு ரசமட்டத்தை வைத்தார்.

"ஏத்தம் ரொம்ப ஜாஸ்தி தங்கச்சி. பாப்பா பாதியில நின்னு மூச்சு வாங்குது, நானும் பாக்குறேன்ல. இன்னும் ஆறடி நீட்டணும். நேரா போனா லோங்காங் வந்துரும். அதனால என் பக்கமா வளைச்சுக்கங்க. அங்க நின்ன செம்பருத்திய காலையிலேயே புடுங்கிட்டேன்."