கப்பலில் வந்த சாவி

அரைகுறையாகப் படித்தவன் கையில் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம், சாவியை மட்டும் கொடுக்கக்கூடாது. அந்த அரைகுறை நான்தான் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

நாற்பதுகளில் ஒரு வருஷம், மந்தைவெளியில் எங்கள் வீட்டிலேயே அக்காவுக்குக் கல்யாணம். நான் கல்லூரியில் முதல் வருஷம். அலமாரி, ஜன்னல், மேஜை, சாவி எல்லாமே போர்ச்சுகீசியரோடு கப்பலில் வந்து இறங்கிய சொற்கள் என்று அப்போதுதான் வாசித்திருந்தேன். (ஒரே ஒரு புத்தகம். அதிலும் பாதி.) அதற்குப் பிறகு வீட்டில் யாராலும் நிம்மதியாக ஒரு ஜன்னலைச் சாத்த முடியவில்லை.

முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு அப்பா அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்து, தாலியை எடுத்து வரச் சொன்னார். அலமாரி இருந்த அறையில் மாப்பிள்ளையின் அப்பா விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடுவேனா? சாவியை விரலில் மாட்டிச் சுழற்றியபடி அதன் பூர்வீகத்தை விளக்கினேன். இதோ, இந்த ஜன்னலும் அப்படித்தான் என்று கையை நீட்டியதுதான் தாமதம், சாவி அந்த ஜன்னல் வழியாகவே பறந்து கிணற்றில் விழுந்தது. சம்பந்தி எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி விசிறிக்கொண்டார்.

அடுத்து ஆடி மாதம். இந்த முகூர்த்தம் தவறினால் சம்பந்தி வீட்டார் மனசு மாறிவிடும் என்று அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா என்னைத் திட்டவே இல்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

அடுத்த தெருவில் பூட்டு ரிப்பேர் செய்யும் காசிம் பாயிடம் ஓடினேன். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு, அரத்தோடு வந்தார் மனிதர். அவர் மாற்றுச் சாவியை ராவிக்கொண்டிருக்க, பயத்தில் என் வாய் தானாக ஓடியது. போர்ச்சுகீசியர் கதையை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

"சாவி வெளியூரு. பூட்டு இன்னா ஊரு?" என்றார் பாய்.

"பூட்டு தமிழ்தான் பாய்."

"அதான் மக்கர் பண்ணிக்கினு கீது. நீ அந்தாண்ட போய்க் குந்து, நைனா."

அதுவரை இறுகிய முகத்தோடு இருந்த சம்பந்தி வயிறு குலுங்கச் சிரித்தார். அலமாரி திறந்தது. நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் அக்கா கழுத்தில் தாலி ஏறியது. பந்தியில் சம்பந்தி, பாயைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். என் மானம் கப்பலேறினாலும் அக்கா வாழ்க்கை கரை சேர்ந்தது பாயால்தான். அந்த நன்றி எனக்கு இன்னும் தீரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் முதல் பத்திரிகை பாய் வீட்டுக்கு. அதைக் கொண்டுபோவது நான்தான். பாய் காலமாகிவிட்டார். இப்போது அவர் மகன் வாசலுக்கு வந்து, பத்திரிகையை வாங்குவதற்கு முன் என் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்க்கிறார்.

"சாவி இல்லியே? அப்ப உள்ள வா, நைனா."