மாதிரிக்கு இரண்டு பல்

எமனே நேரில் வந்து பாசக்கயிற்றை வீசியிருந்தாலும், "முதல்ல ஒரு முழம் மாதிரி காட்டுபா" என்று கேட்டிருக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் மாதிரி முதலியார்தான். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி போட்டிருந்தார். சாயத்துக்கு நூல் கொடுக்கும்போது முதலில் ஒரு கொத்து நனைத்து மாதிரி பார்ப்பது நெசவாளர் எல்லோருக்கும் வழக்கம். இவர் அதை உலகம் முழுவதற்கும் நீட்டிவிட்டார். வாழைத்தார் வாங்கப் போனால் மேல் சீப்பில் ஒன்று, கீழ்ச் சீப்பில் ஒன்று தின்றுவிட்டுத்தான் விலை கேட்பார். மகளுக்கு வரன் வந்தபோது, மாப்பிள்ளையை நான்கு நாள் தன் தறியில் உட்காரவைத்து நெய்யவிட்டுப் பார்த்த பிறகே தாம்பூலம் மாற்றினார்.

நான் அப்போது தர்மாஸ்பத்திரியில் சீட்டு எழுதும் குமாஸ்தா. சின்ன வயது, பெரிய வாய்.

ஒரு நாள் கடைவாய்ப் பல் சொத்தையாகி, வீங்கிய கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு முதலியார் வந்தார். சீட்டு வாங்கவில்லை. சன்னலோரம் நின்று விசாரணை ஆரம்பித்தார்.

"இங்க புடுங்கினா வலிக்குமாபா?"

"வலிக்கும். ஆனா காசு கிடையாது."

"கடைத்தெருவுல புதுசா ஒரு பல் டாக்டரு போர்டு போட்டுக்கினு இருக்கறாரே, பட்டணத்துல தொழில் கத்தவராம். ரெண்டு ரூபா கேக்கறாரு. அங்க?"

"அங்க காசும் போவும், வலியும் இருக்கும்" என்றேன்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் வாயைத் திறந்து காட்டி அபிப்பிராயம் கேட்டார். "தர்மத்துக்குப் புடுங்கறவன் ஈறையும் சேத்துப் புடுங்குவான்" என்றார் ஒருவர். "காசு வாங்கறவன் பக்கத்துப் பல்லும் சொத்தைம்பான்" என்றாள் ஓர் அம்மாள். நாலாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் ஆசையும் சேர்ந்துகொண்டது.

"மாதிரி பாக்காம உங்களுக்கு எதுவும் ஆவாதே முதலியாரே! இங்க ஒரு நல்ல பல்லு, அங்க ஒரு நல்ல பல்லு குடுத்துப் பாருங்க. யாரு கை சுகமா இருக்குதோ அவருகிட்ட சொத்தைப் பல்லக் காட்டுங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முதலியார் சிரிக்கவில்லை. "இது ரோசனை!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஒரே கூட்டம். அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் 'பல்வலி' என்று எழுதிச் சீட்டைக் கொடுத்துவிட்டேன். மனிதர் உள்ளே போய் மேல் வரிசை முன்பல்லைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். முன்பல் சுலபமாக வரும், மாதிரிக்கு அது போதும் என்பது அவர் கணக்கு. டாக்டரும் அவர் காட்டிய பல்லையே பிடுங்கி அனுப்பினார். அடுத்த நாள் கடைத்தெருவில் கீழ் வரிசை முன்பல் போயிற்று.

நேரே என்னிடம் வந்து தீர்ப்புச் சொன்னார். "உங்க டாக்டரு கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள புடுங்கிட்டாரு. ஆனா வாய்யான்னு ஒரு வார்த்தை இல்ல. கடைத்தெருக்காரரு நாற்காலி போட்டு, ஊரு சேதியெல்லாம் கேட்டுக்கினே அரை மணி நேரம் ஆட்டினாரு. ரெண்டும் சமமா இருக்குதுபா. இன்னொரு மாதிரி பாக்கணும்."

சொத்தைப் பல் அதுவரை காத்திருக்கவில்லை. அந்த வாரமே பொரியுருண்டை கடித்தபோது தானாகவே வந்துவிட்டது. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஏதோ வேலையாக அவர் வீட்டுக்குப் போன அன்றுதான் என் சிரிப்பு அடங்கியது. தறியில் மகளுடைய முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது. இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு, மீந்த நுனியை முன்பல்லால் கடித்து எடுப்பார். மகள் புடவையில் இரும்பு படக்கூடாது என்று ஒரு பிடிவாதம். கத்தரிக்கோலைக் கிட்டவே விடவில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று இல்லாத வாயில் பட்டிழை நழுவிக்கொண்டே போயிற்று. கல்யாணப் பெண் முகூர்த்தத்துக்கு முன் அந்தப் புடவையைத் தொடக்கூடாதாம். மனைவிக்குப் பல் எப்போதோ போய்விட்டது. தம்பிக்கு வெற்றிலை வாய். பட்டில் கறை ஏறும். கல்யாணத்துக்கோ பதினைந்தே நாள்.

"நான் கடிக்கறேன்" என்றேன்.

என் வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு கழிவு நூலைக் கடிக்கவைத்துப் பார்த்த பிறகே சம்மதித்தார். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கொஞ்சம், மாலையில் திரும்பியபின் கொஞ்சம் என்று தினமும் குனிந்து கடித்தேன். புடவை முடிகிற அன்று மனசு கேட்கவில்லை.

"முதலியாரே, அன்னிக்கு நான் தமாசுக்குச் சொன்னேன். என்ன மன்னிச்சிருங்க."

"தெரியும்பா. அத்தன பேரு சிரிச்சாங்களே, என் காதுல விழாதா?"

"அப்புறம் ஏன் போய்ப் புடுங்கிக்கினீங்க?"

"நாலு நாளா ஒவ்வொருத்தரையா கேட்டேன். எல்லாரும் அவங்கவங்க புத்திக்குத்தான் சொன்னாங்க. நீ ஒருத்தன்தாம்பா என் புத்திக்கு ஏத்தாப்பல ரோசனை பண்ணிச் சொன்ன."

கடைசி முடிச்சின் நுனியைக் குனிந்து கடித்தேன். கல்யாணத்தில் என்னை முதல் பந்தியில் உட்காரவைத்து, பக்கத்திலேயே நின்று பரிமாறினார்.

அவர் போய் வெகுநாள் ஆயிற்று. யாராவது இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தால் நான் எழுந்து போய்விடுவேன். இன்று நானே எழுதிவிட்டேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.