நடபுவா வளைவுச் சத்தம்

"வாப்பா, கார் சாவியைக் கொடுங்க."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த ஷவுக்கத்தின் கை நின்றது. அடுக்களை வாசலில் ஹலீமா தலையில் கை வைத்துக்கொண்டாள். 'எதை வேணும்னாலும் கேளு, சாவியை மட்டும் கேட்காதே' என்று மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கைருன்னிசாவோ தலைநகர் சுவாவில் மூன்று வருஷம் வேறு எதையோ படித்துவிட்டு வந்தவள். அந்தச் சந்திலேயே முதல் பட்டதாரி. பட்டத்தோடு டிரைவிங் லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"எதுக்கு?"

"நாந்திப் பக்கம் ஸ்கூல்ல வேலை கிடைச்சிருக்கு. அடுத்த திங்கட்கிழமை சேரணும். கரும்புக் காட்டுக்கு நடுவுல ஸ்கூல், காலையில பஸ் கிடையாது. உங்க நாலு பேரையும் மில் ஆபீஸ்ல இறக்கிட்டு நான் போறேன். சாயங்காலம் நானே கூட்டிட்டு வந்துர்றேன்."

"பொம்பளப் புள்ள ஓட்ட, நாங்க நாலு பேரும் பொட்டலமாட்டம் உக்காந்து வர்றதா?"

"அப்ப அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிக்கிறேன். கூடப் படிச்ச ப்ரேமிலா இருக்கா."

"கல்யாணம் ஆகாத புள்ள வெளியூர்ல தங்கக் கூடாது."

"தங்கக் கூடாதுன்னா சாவி."

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த நிசாம் தலையைக் குனிந்துகொண்டார். ஹலீமாவின் தம்பி, தினமும் அந்தக் காரில் வேலைக்குப் போகும் நால்வரில் ஒருவர். அவர் சிரிப்பது தட்டுக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஷவுக்கத் யோசித்தார். வழி ஒன்று தோன்றியது.

"பி.எஸ்ஸி படிச்சிருக்கேல்ல? நம்ம வண்டி பிரேக் சத்தத்தை நிறுத்திக் காட்டு. சாவி உன்னுது. நிசாம் சாட்சி."

துணிந்து சொன்னார். ஏனென்றால் அது நிற்கிற சத்தமல்ல.

மாலையில் மில்லிலிருந்து திரும்பும் அந்தப் பழைய கார், நடபுவா மேட்டிலிருந்து இறங்கி வளைவில் பிரேக் பிடிக்கும். உடனே ஆயிரம் தகர டின்களை ஒரே சமயத்தில் கிழித்தது போல ஒரு சத்தம் எழும். காக்கிச்சட்டைக்காரர் ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்கி நின்று கேட்டிருக்கிறார். கட்டிப் போட்ட ஆடுகள் பதில் சொல்லும். லௌட்டோக்காவில் எத்தனையோ கார்கள் இருந்தன. எதற்கும் அந்தக் குரல் இல்லை. ஷவுக்கத்துக்கு உள்ளூரப் பெருமைதான். "நம்ம வண்டி வளைவுல கத்துனா, வீட்டு வாசல்ல நிக்கும்போது டீ கொதிச்சிருக்கும். நாலு வீட்லயும்" என்பார்.

கைருன்னிசா நோயைக் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கினாள். முதலில் உதிரிப் பாகக் கடை ஷம்சுவிடம் போனாள்.

"கிரீச்சுன்னு கேக்குதா, கரகரன்னு கேக்குதா?" என்றார் ஷம்சு.

"ரெண்டும்."

"முன் சக்கரமா, பின் சக்கரமா?"

அது தெரியவில்லை. நிசாம் மாமாவைக் காரின் பின்பக்கத் தரையில் குப்புறப் படுக்க வைத்து, காதைத் தரையோடு ஒட்டிக்கொள்ளச் சொல்லி, மேட்டிலிருந்து இறக்கினாள். சாவி அதற்கு மட்டும் இரவல். பக்கத்து சீட்டில் ஷவுக்கத் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி காவலுக்கு இருந்தார்.

"எங்கேருந்து வருது மாமா?"

"ரூஹானிப் பேய்கள் உலகத்துலேருந்து" என்றார் நிசாம் கீழேயிருந்து.

பின் சக்கரங்களைக் கழற்றினாள். உள்ளே தூசி அப்பிக் கிடந்தது. ஈரத் துணியால் துடைத்தெடுத்தாள். சக்கரத்தை அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூவின் மேல்பரப்பு கண்ணாடி போல இறுகிப் பளபளத்தது. "இதுதான் கத்துது. கனம் இருக்கு, பிடிப்பு இருக்கு, பளபளப்புதான் வினை" என்று தாயிடம் விளக்கியபடி உப்புத்தாளால் தேய்த்தாள். மாட்டினாள். ஓட்டினாள்.

கிரீச் போய்விட்டது. அதற்குப் பதிலாக அடித்தொண்டையில் ஒரு முக்காரம் கேட்டது.

"ஆடு போச்சு, மாடு வந்துருக்கு" என்றார் நிசாம்.

உப்புத்தாளின் மணல் துகள்கள் உள்ளேயே தங்கிவிட்டன. மறுநாள் அத்தனையையும் பிரித்துக் கழுவினாள். கையோடு முன் சக்கரங்களையும் பிரித்தாள். திரும்ப மாட்டும்போது ஒரு ஸ்பிரிங் இடம் மாறிப் போயிற்று. இப்போது ஆடும் மாடும் சேர்ந்து வந்தன. நடுவில் டங்கு டங்கென்று மணியும் அடித்தது.

"வேலைக்குப் போற நேரத்துல மந்தையை ஓட்டிட்டுப் போறமாதிரி இருக்கு" என்றார் ஷவுக்கத். அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அதைப் பார்த்துதான் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

சனிக்கிழமை நாலு சக்கரத்துக்கும் ஷம்சு கடையில் புது ஷூக்கள் வாங்கி வந்தாள். பழையவற்றைத் தூண்கள்மேல் நின்ற வீட்டுக்கடியில் எறிந்தாள். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பூட்டினாள். சாயங்காலம் நான்கு ஆண்களையும் ஏற்றிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினாள். வளைவில் மிதித்தாள்.

கார் நின்றது. அவ்வளவுதான்.

தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் ஒரு கணம் வருமே, அப்படி ஒரு அமைதி. தூரத்தில் கரும்பு ரயிலின் மூச்சுக்கூடக் கேட்டது. ஆடுகள் தலை நிமிர்த்திப் பார்த்து, எதையோ தொலைத்தவை போல விழித்தன.

"மாஷா அல்லாஹ்" என்றார் நிசாம்.

வீட்டு வாசலில் கார் பூனை மாதிரி வந்து நின்றபோது, பக்கத்து வீட்டு ஹவ்வா மாமி முக்காடு நழுவியது தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அவளும் தினப் பயணிகளில் ஒருவரின் மனைவி. ஹலீமாவின் முகத்தில் இரத்தமே இல்லை. நாலு வீட்டுப் பெண்களும் பிரமித்துப் போய்விட்டார்கள் என்று கைருன்னிசா நினைத்தாள். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் படிப்பை ஒரு தெருவே மதித்தது போல இருந்தது.

"நாளன்னிக்குக் காலையில சாவி உன் கையில" என்றார் ஷவுக்கத். சொன்ன சொல்லை விழுங்கியவர் அல்ல அவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் எல்லாரும் லாரி ஏறிச் சங்கக் கூட்டத்துக்குப் போனார்கள். கைருன்னிசா டவுனுக்குப் போய் வேலைக்குப் போட ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தாள். மாலையில் ஷவுக்கத் காரை எடுத்துக்கொண்டு கடைவரை போய்த் திரும்பினார்.

வளைவில் ஆயிரம் தகர டின்கள் கிழிந்தன.

கைருன்னிசா ஜாக்கியை எடுத்தாள். சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பழைய ஷூக்கள் திரும்பி வந்திருந்தன. அதுவும் முன்னைவிடப் பளபளப்பாக. ஆனால் அவளை அசர வைத்தது அதுவல்ல. மாட்டியிருந்த அழகு. ஒரு ஸ்பிரிங் பிசகவில்லை. நட்டுகள் ஒரே இறுக்கம். பிரேக் தட்டில் ஒரு விரல் ரேகை கிடையாது. மூன்று நாள் முக்கி அவள் செய்ததை யாரோ அவளைவிடச் சுத்தமாகச் செய்திருந்தார்கள். எதிரிதான், இருந்தாலும் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

உள்ளே போனாள்.

"நீங்கதானே மாத்துனீங்க?"

"நானா? டயர் பஞ்சரானாலே ஆளைக் கூப்பிடுறவன் நான்."

"சாவி கொடுக்க மனசில்லைன்னா நேரா சொல்லியிருக்கலாம் வாப்பா."

"நாள் முழுக்கக் கூட்டத்துல இருந்தேன். நிசாமைக் கேளு."

"இருந்தாரு" என்றார் நிசாம். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்வது அவர் வழக்கம். "நடுவுல கொஞ்ச நேரம் காணோம்."

"ஒண்ணுக்குப் போனேன்டா."

ஹலீமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கணவரைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள், மறுபடி மூடினாள். பிறகு அடுக்களைக்குள் போய் ரொட்டியைப் பொட்டலம் கட்ட ஆரம்பித்தாள்.

கைருன்னிசா பெட்டியை எடுத்துவந்து கூடத்தில் வைத்தாள்.

"இப்ப ஆறு மணி பஸ்ல நாந்திக்குப் போறேன். ப்ரேமிலா ரூம்ல தங்கப்போறேன். உத்தரவு கேக்கல, தகவல் சொல்றேன். நீங்க சொன்னபடி நடந்திருந்தா ராத்திரிக்கு ராத்திரி வீட்டுல இருந்திருப்பேன்."

"அல்லாஹ் மேல ஆணையா நான் அதைத் தொடல புள்ள" என்றார் ஷவுக்கத். இப்போது அவர் குரல் கெஞ்சியது. அவள் காதில் அது ஏறவில்லை.

ரொட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். வாசலைத் தாண்டினாள். கார் நின்ற பக்கம் திரும்பக்கூட இல்லை. வளைவை நெருங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஹவ்வா மாமி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"உங்க வாப்பாவை வையாதே புள்ள, அவரு பாவம்."

"வேற யாரு செஞ்சாங்களாம்?" கைருன்னிசா நடையை நிறுத்தவில்லை.

ஹவ்வா மாமி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, கூடவே ஓடியபடி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"உங்க உம்மாதான் மாட்டுனா, நாங்க மூணு பேரும் சக்கரத்தைத் தூக்கிப் பிடிச்சோம், வளைவுல சத்தம் கேக்கலன்னா, அவங்க வீடு வந்து சேர்றதுக்குள்ள சீட்டுக்கட்டையும் நங்கோனா போதைத் தண்ணிச் சட்டியையும் நாங்க எப்படி ஒளிச்சு வெக்கிறது?"