இருபத்திரண்டு நிமிடம் பேக்கரியில்

விலை குறைவாக இருக்க வேண்டும். ஓடிய தூரத்தையும் வழியையும் ஒழுங்காகக் காட்ட வேண்டும். சர்வேயர் கேட்டது இவ்வளவுதான். இந்த இரண்டும் ஒரே கடிகாரத்தில் சேர்ந்து வர மறுத்தன. மூன்று வாரமாகப் பதினொரு கடிகாரங்களின் பெயரைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தார்.

"கடிகாரம் வாங்கப் போறீங்களா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களா?" என்றாள் மனைவி.

கடிகாரம் வேண்டும் என்றதே அவள்தான். இரவு டூட்டி பார்க்கும் நர்ஸ். "தினமும் ஓடுறேங்கறீங்க. தொப்பை மட்டும் இருந்த இடத்துலயே இருக்கு. நீங்க எங்க போறீங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

கடைசியில், பட்டியலில் இருந்ததிலேயே மலிவானதை வாங்கினார். அதைப் போனுடன் இணைக்க வேண்டும். அவருடைய போனும் மனைவியின் போனும் அரதப்பழசு. வீட்டில் ஒரே புதுப் போன் மாமனாரிடம் இருந்தது.

"என் போன்ல போட்டுக்கங்க மாப்பிள்ளை," என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான மாமனார். "காலையில மாடியில நடக்கறப்ப பாட்டு கேக்கத்தானே வெச்சிருக்கேன்."

மறுநாள் விடிந்ததும் சர்வேயர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, வேர்வை சொட்டச் சொட்ட வீடு திரும்பினார். டூட்டி முடிந்து வந்த மனைவி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அப்பாவின் போனை வாங்கிப் பார்த்தாள். வரைபடத்தில் நீலக்கோடு வீட்டில் கிளம்பி, தெருமுனையில் திரும்பி, பேக்கரிக்குள் நுழைந்து, இருபத்திரண்டு நிமிடம் ஆடாமல் அசையாமல் இருந்துவிட்டு வந்திருந்தது.

"ஏரிக்கா போனீங்க?"

"சத்தியமா ஏரிக்குத்தான்."

"ஏரி எப்போ பேக்கரிக்குள்ள வந்துச்சு?"

"விடும்மா," என்றார் மாமனார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "மனுஷன் ஒரு பன்னு தின்னா குடியா முழுகிடும்?"

சர்வேயருக்கு அதுதான் அதிகம் சுட்டது. தின்னாத பன்னுக்கு மன்னிப்பு.

சிக்னல் கிடைக்கவில்லை போலும் என்று, மறுநாள் பட்டையை இறுக்கி, கையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டே ஓடினார். எதிரே நடந்தவர்கள் பதிலுக்குக் கையசைத்தார்கள். ஒரு பஸ் நின்று, அவர் ஏறுவதற்காகக் காத்திருந்தது. வரைபடத்தில் மீண்டும் பேக்கரி. இருபத்தாறு நிமிடம்.

மூன்றாம் நாள் ஏரிப் பக்கமே போகாமல், எதிர்த்திசையில் ரயில்வே கேட் வரை ஓடினார். பேக்கரி.

"எந்தப் பக்கம் போனாலும் மூக்கு அங்கதான் இழுக்குது போல," என்றாள் மனைவி.

நான்காம் நாள் சாட்சிக்கு எதிர்வீட்டுத் தபால்காரரை அழைத்துப்போனார். பாவம், அவர் மூச்சிரைக்க உடன் ஓடினார். வரைபடத்தைப் பார்த்த மனைவி, "அவரையும் கெடுத்தாச்சா?" என்றாள். விஷயம் எதிர்வீட்டுக்கும் போனது. அன்று தபால்காரருக்குக் காலைச் சாப்பாடு கிடைக்கவில்லை. மறுநாள் அவர் சர்வேயருக்குக் கதவைத் திறக்கவில்லை.

"சர்க்கரை இருக்கிற அப்பாவே வாயைக் கட்டிக்கிட்டு இருக்கார். உங்களால முடியலையா?" என்று கேட்டதோடு மனைவி பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அடுத்தவர் வேலி ஒரு சாண் தள்ளியிருந்தாலும் கண்டுபிடித்துவிடும் மனிதர் அவர். தான் எங்கே நின்றோம் என்பதைச் சொந்த வீட்டில் நிரூபிக்க முடியவில்லை. ஒரு காலையில் யாரும் பார்க்காதபோது தன் விரல்களை முகர்ந்துகூடப் பார்த்தார்.

சனிக்கிழமை பொறுமை எல்லை தாண்டியது. "கடைக்கே போவோம். பொய் சொல்றது அதுவா நானான்னு தெரிஞ்சாகணும்."

"எதுக்கு மாப்பிள்ளை?" மாமனார் பதறினார். "மலிவா வாங்கினா அப்படித்தான் இருக்கும். நான்தான் உங்களைத் தப்பா நினைக்கலையே."

"போனும் வேணும் மாமா. நீங்களும் வாங்க."

மாமனாருக்குத் திடீரென்று முட்டி வலித்தது. மகள் அவர் கையைப் பிடித்து மெல்ல அழைத்துப்போனாள். தன் கணவர் வசமாக மாட்டப்போவதை அப்பாவும் பார்க்கட்டும் என்று அவளுக்கு.

கடையில் பழுது பார்க்கும் பெண் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மாமனாரின் சட்டைப்பையிலிருந்து கொஞ்சம் சிரமப்பட்டு வெளியே வந்த போனை வாங்கிப் பார்த்தாள். ஐந்து நாள் நீலக்கோட்டையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இரண்டையும் மேசைமேல் வைத்தாள்.

"வாட்ச்சுல ஒரு கோளாறும் இல்ல சார். இந்த விலைக்கு இதுக்குள்ள தனியா ஜிபிஎஸ் வராது. எந்தப் போனோட சேத்திருக்கீங்களோ, அந்தப் போன் போன இடத்தைத்தான் காட்டும்."